உன் ஆயா பொறுமைசாலி இல்லை

அருள்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நாவலூரில் ஏழாவது மாடியில் ஏசி போட்டுக்கொண்டு நீ நலமாகத்தான் இருப்பாய். நானும் தாம்பரத்தில் நலம்தான், கோபத்தை நோயில் சேர்க்காவிட்டால். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வயசெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான். யார் உண்மையிலேயே அவசரத்தில் இருக்கிறார்கள், யார் சும்மா கழற்றிவிடுகிறார்கள் என்று எனக்குக் குரலிலேயே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டவும் போவதில்லை. உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் கல்யாண வயசுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் உனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம். நம் கோயிலில் இரண்டு ஞாயிறு உங்கள் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஃபாதர் மைக்கில் வாசித்தபோது பின்வரிசைப் பெண்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி ஓலை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெஜினா வந்தாள். குரோம்பேட்டையில் காலை ட்யூட்டி முடித்துவிட்டு, நர்ஸ் யூனிஃபார்முக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள். கேள் என்றேன். "உங்க அம்மா நிஜமாவே அப்படித்தான் இருந்தாங்களா? அருள் அன்னிக்கு கோயில்ல சொன்ன மாதிரி?"

"எதுக்கும்மா கேக்கற?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுன்னு சொல்றார் ஆன்ட்டி. ஏன்னு கேட்டா, எங்க ஆயாவப் பாரு, அத்தனை வருஷம் தாத்தாவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம எப்படிக் குடும்பம் நடத்தினாங்க, அவங்களுக்கு இல்லாத கஷ்டமா உனக்குங்கறார். நான் பதில் பேசினா உடனே ஆயா கதை. எங்கிட்டதான் ஏதோ குறை இருக்கோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது, அருள். உன் மேல்தான்.

ஆயாவின் முப்பதாம் நாள் பூசை நினைவிருக்கிறதா? அன்று நன்றியுரை சொல்கிறேன் என்று நீ மைக்கைப் பிடித்தாய். "எங்க ஆயா ஒரு சைலண்ட் செயின்ட். வாழ்நாள்ல கோபப்பட்டதில்ல. ஒரு பொய் சொன்னதில்ல. தாத்தா கிழிச்ச கோட்டைத் தாண்டினதில்ல. என்ன திட்டினாலும் சிரிச்சுட்டே இருப்பாங்க. பொறுமைன்னா அது எங்க ஆயாதான்." பாதி ஜனம் மூக்கைச் சிந்தியது. ஃபாதர் உன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பீடத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளையை "நிறுத்துடா" என்று கத்த முடியாது. ஆனால் மனசுக்குள் கத்தினேன். பெட்டியில் படுக்க வைத்திருந்தபோதுகூட அவள் எனக்கு இவ்வளவு செத்துப்போனவளாகத் தெரியவில்லை.

நீ பார்த்தது எதை? அவள் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கடைசி சில வருடங்களை. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் செபமாலை, எது சொன்னாலும் ஒரு சிரிப்பு. அவளுக்குக் காது கேட்கவில்லையடா. இடது காது சுத்தமாகப் போய், வலது காதும் முக்கால்வாசி போயிருந்தது. நீ டிவி சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு "ஆயா, சும்மா நகரு, மறைக்குது" என்று எரிந்து விழுந்தபோது அவள் சிரித்தாளே, உனக்குப் பசிக்கிறதாக்கும் என்று நினைத்துச் சிரித்தாள். கேட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் தடியாலேயே போட்டிருப்பாள். செவிட்டுக் கிழவியின் சிரிப்பைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டு, அதைக் கோயிலில் மைக் போட்டுச் சொல்லி, இப்போது அதை வைத்து ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கிறாய்.

இப்போது கேள். உன் ஆயா சவரியம்மாள் யார் என்று நான் சொல்கிறேன். அவள் மகள் சொல்கிறேன்.

படப்பை போகிற வழியில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நம் ஊருக்கு அவள் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயசு. வந்த மறுநாளே மாட்டுக் கொட்டகை அவள் பொறுப்பு. அடுத்த நடவிலிருந்து வயலும் அவள் பொறுப்பு. என் நைனா, உன் தாத்தா, கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கோயில் நாட்டாமை. திருவிழா, தேர், பந்தல், பங்குச் சாமியாருக்குச் சாப்பாடு, ஊர்ப் பஞ்சாயத்து என்று வெள்ளை வேட்டி கசங்காமல் சுற்றிக்கொண்டிருப்பார். சேறு மிதித்தது இவள். நாற்று விடுவது, தண்ணீர் கட்டுவது, களை எடுக்க ஆள் சேர்ப்பது, அறுப்பு, களம், எல்லாம் இவள். சாயங்காலம் வரப்பில் நடந்துகொண்டே செபமாலை சொல்லி முடித்துவிடுவாள். நடுவில் மாடு வயலில் இறங்கினால் "அருள் நிறைந்த மரியே" என்பதற்கும் "எந்தச் சனியன்டா அவுத்துவுட்டது" என்பதற்கும் நடுவில் மூச்சுகூட விடமாட்டாள். ஒரு வருடம் நடவு மும்முரத்தில் நைனா தேர் ஜோடிக்கக் கிளம்பினார். "நீங்க தேரத் தூக்குங்க. நான் நாத்துக் கட்டத் தூக்கறேன். மாதா யாரப் பாக்கறாங்கன்னு பாக்கலாம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நைனா என்னைத்தான் அடித்தார், அவளை அடிக்கத் தைரியம் இல்லை.

ஏரித் தண்ணீர் குறைந்த ஒரு வருடம், மேல்வயல்காரர் கால்வாயை அடைத்துவிட்டார். நம் பயிர் சுருண்டுகொண்டிருந்தது. நைனா, பெரியவர்கள் கூடிப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்றார். இவள் மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டிவிட்டு, அவர்கள் வயலுக்குத் தண்ணீர் போகிற மடைவாயில், வாயிலேயே, புடவையோடு உட்கார்ந்துகொண்டாள். இடுப்புவரை தண்ணீர். ஊரே வந்து கரையில் நின்றது. மேல்வயல்காரர் கெஞ்சினார், "எழுந்திரு அக்கா, ஆம்பளைங்க நாங்க பேசிக்கிறோம்."

"பேசுங்களேன், யாரு வேணான்னது? பேசி முடிக்கற வரைக்கும் தண்ணி எங்க பக்கம் போய்கினு இருக்கட்டும்."

பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் நம் வயல் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள். இவள்தான் நீ சொன்ன சைலண்ட் செயின்ட்.

பொய் சொன்னதில்லை என்றாயே, அதையும் கேட்டுக்கொள். இதை நான் போன செவ்வாய்க்கிழமைவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் என் தம்பிகளுக்கும் பின்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டான். ஞானஸ்நானம் வாங்காத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கமாட்டார்கள், அந்தக் காலத்தில் அப்படித்தான். சுவருக்கு வெளியே, கள்ளிச்செடி ஓரம், குழி தோண்டிச் சிலுவைகூட வைக்காமல் மூடிவிடுவார்கள். நைனா கோயில் நாட்டாமை இல்லையா, அவரே ஆளை அனுப்பி வெளியே குழி வெட்டச் சொல்லிவிட்டார். பாயில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "உள்ள வெட்டச் சொல்லு. நான் ஞானஸ்நானம் குடுத்துட்டேன்" என்றாள்.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது உனக்குத் தெரியும், ஞாயிறு மறைக்கல்வியில் படித்திருப்பாய். ஆனால் யாரும் நம்பவில்லை. கோயிலில் மந்திரமும் மறைக்கல்வியும் சொல்லித்தரும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வாசலில் நின்றுகொண்டே விசாரித்தார். எந்தத் தண்ணீர்? மண்பானைத் தண்ணீர். எங்கே ஊற்றினாய்? தலையில், மூன்று தரம். என்ன சொன்னாய்? பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று முழுசும் பிசகாமல் சொன்னாள். என்ன பெயர் வைத்தாய்? "சூசை" என்றாள். உபதேசியார் தலையாட்டினார். குழந்தையை உள்ளே புதைத்தார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. காலையிலிருந்து அந்த அறையில் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். மண்பானை அடுப்படியில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, நீ வயிற்றில் இருந்தபோது, தைரியம் வந்து கேட்டேன். "நிஜமா ஊத்தினியாம்மா?" அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை. "ஊத்தினேன்னு சொன்னேன் இல்ல?" என்றாள். அவ்வளவுதான். நான் மறுபடி கேட்கவில்லை. கடவுள் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அடுத்து, தாத்தா கிழித்த கோடு. அதைத்தான் நீ ரெஜினாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாயாம், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எனக்குப் பதினேழு வயசு, எஸ்எஸ்எல்சி பாஸ் செய்துவிட்டு டைப்ரைட்டிங் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். நைனா எனக்கு ஒரு வரன் பேசினார். செங்கல்பட்டுப் பக்கம், நல்ல நிலபுலம், மரியாதையான குடும்பம். என்னைக் கேட்கவில்லை. அதைக்கூட விடு, அந்தக் காலத்தில் பெண்ணைக் கேட்கிற வழக்கம் இல்லை. அவளையும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாங்கள் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறோம், சாமியார் ஓலை வாசிக்கிறார், என் பெயர் வருகிறது. எனக்கு முதலில் அது வேறு யாரோ என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் கறுத்துக் கிடக்கிறது.

பூசை முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சாமியாரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நைனா விஷயம் புரிந்து பின்னாலேயே ஓடி வந்தார்.

"சாமி, ஓலைக்குத் தடை கீதுன்னா வந்து சொல்லச் சொன்னீங்களே. கீது."

"என்ன தடை சவரியம்மா?"

"எனக்கு இஷ்டமில்ல."

சாமியார் சிரித்துவிட்டார். "அது தடை ஆகாதும்மா. சொந்தத்துக்குள்ள முறை தப்பி இருந்தா, ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தா, அதெல்லாம்தான் தடை."

"பொண்ணுக்கே இஷ்டமில்லன்னா?"

சாமியாருக்குச் சிரிப்பு நின்றது. "அது தடைதான்" என்றார்.

"அப்ப அவளக் கேளுங்க. தனியா கேளுங்க. நான் வெளிய நிக்கறேன். இவரும் வெளிய நிக்கட்டும்."

நைனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊருக்கு முன்னாடி ஓலை வாசிச்சாச்சு. இப்ப வந்து இன்னாடி பேசற?" என்று பல்லைக் கடித்தார். அவள் அவரை நீங்கள் என்றுதான் சொல்வாள். அன்றைக்குத்தான் அந்த மரியாதை போய் நான் முதல் தடவையாகக் கேட்டேன். "எந்த வெத நெல்லு வுடலாம்னு எங்கிட்ட வந்து கேக்கற இல்ல? பொண்ணக் குடுக்கறதுக்கு மட்டும் ஏன்யா கேக்கல?"

வெளியே போகுமுன் அவள் என் காதோடு ஒன்று சொன்னாள். அருள், அதை நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். "வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லு. எனக்கோசரம் ஒண்ணும் சொல்லாத." கதவைச் சாத்தினார்கள். சாமியார் கேட்டார். "வேணாம் சாமி, நான் படிக்கணும்" என்றேன். வெளியே வந்தபோது என்ன சொன்னேன் என்று அவள் கேட்கக்கூட இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று புலம்பிக்கொண்டே.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை சின்னது இல்லை. கோயில் நாட்டாமைப் பட்டம் நைனாவிடமிருந்து போனது. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் ஊரை எப்படி நடத்துவான் என்றார்கள். அந்த வருட அறுப்புக்கு ஒரு ஆள் வரவில்லை. முற்றிய கதிர் உதிர ஆரம்பித்துவிட்டது. அவளும் நானும் தம்பிகளும்தான் அறுத்தோம், என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கிணற்றடியில் அடங்காப்பிடாரி என்று அவள் காது படவே பேசினார்கள். அப்போது அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டாள், திருப்பியும் கொடுத்தாள். ஆனால் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் மண்டியிட்டு அவள் மாதாவோடு சண்டை போட்டதையும், சண்டைக்கு நடுவில் குரல் உடைந்ததையும் நான் மட்டும்தான் பார்த்தேன்.

நைனா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில், என் மூலமாகத்தான் பேச்சு. "உங்கம்மாவ சோறு போடச் சொல்லு." அவள் அடுப்படியிலிருந்தே, "கை கீது இல்ல, போட்டுக்கச் சொல்லு" என்பாள். அடுத்த நடவுக்கு முன்னால் ஒரு நாள் அவர் விதை நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்று, "இது முளைக்குமா?" என்றார். அவள் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, "முளைக்கும்" என்றாள். அதோடு பேச்சு ஆரம்பமானது. அதற்குப் பிறகு அவர் எந்தக் காரியத்தையும் அவளிடம் கேட்காமல் செய்யவில்லை. நீ பார்த்த தாத்தா, சாப்பாட்டுக்கு முன்னால் "சவரி, நீ சாப்ட்டியா?" என்று கேட்ட தாத்தா, அந்தச் சண்டைக்குப் பிறகு வந்தவர். சண்டை போட்டு உண்டாக்கிய அமைதியைப் பார்த்துவிட்டு, சண்டையே இல்லாத வீடு என்று நீ சர்டிபிகேட் கொடுக்கிறாய்.

நான் டைப்ரைட்டிங் படித்தேன். எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. தாம்பரத்துக்கு வந்தேன். உன் அப்பாவைப் பார்த்தேன், பிடித்தது, என் வாயால் சொல்லிக் கட்டிக்கொண்டேன். உனக்கு இரண்டு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினேன். அப்போது ஊரிலிருந்து வயலை அப்படியே விட்டுவிட்டு வந்து உன்னைப் பார்த்துக்கொண்டது யார் என்று நினைக்கிறாய்? "நீ போ. வேலைய வுட்டன்னா கால ஒடச்சிடுவேன்" என்று என்னை வாசல்வரை தள்ளிவிட்டவள் அவள்தான். அந்த மடியில் வளர்ந்தவன் நீ. நீ போய் அவள் பெயரைச் சொல்லி இன்னொருத்தியை வேலையை விடச் சொல்கிறாய்.

இந்த மாதிரிக் கடிதங்களில் அம்மாக்கள் இந்த இடத்தில், எல்லாம் என் வளர்ப்பில் வந்த தப்பு என்று அழுவார்கள். நான் அழப்போவதில்லை. உன்னை ஒழுங்காகத்தான் வளர்த்தேன். உன் துணியை நீயே துவைத்தாய், எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைத்தாய். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பளம் ஏறியதும் வந்ததோ, வீடு வாங்கியதும் வந்ததோ. நைட் ட்யூட்டி போகிற பெண் என்று யாராவது ஆபீஸில் ஒரு மாதிரி சிரித்தார்களா? அப்படியென்றால் அதை அவளிடம் நேராகச் சொல். "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று சொல். "ராத்திரி தனியாக இருக்கப் பிடிக்கவில்லை" என்று சொல். அது மனிதன் பேசுகிற பேச்சு. அவள் கேட்டு, யோசித்து, சரியென்றோ முடியாதென்றோ சொல்வாள். அதை விட்டுவிட்டு ஒரு செத்த கிழவியைப் புனிதை ஆக்கி, அந்தச் சுரூபத்தை அவள் தலையில் தூக்கி வைத்து, அசையாமல் நில் என்கிறாய்.

உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "கல்யாணம் முடியட்டும், பக்குவமா பேசிக்கலாம். இப்ப போய் எதையாவது கிளப்பாத" என்றார். கல்யாணம் முடிந்தபிறகு பேசுவதற்கு என்ன மிச்சமிருக்கும்? அவரோடும் நேற்று முழுக்கச் சண்டை. ஆயா செத்தது கல்யாணச் சாவு, பேரன் கல்யாணத்தை அவள் மேலிருந்து பார்ப்பாள் என்று உறவுக்காரர்கள் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் எழுத முடியாது.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

ரெஜினா காலையில் போன் செய்தாள். "ஆன்ட்டி, ஃபாதரப் பாக்கணும். கூட வரீங்களா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அருள், மாதா மேல் சத்தியமாக. செவ்வாய்க்கிழமை அவள் கேட்ட கேள்விக்கு, "இல்லம்மா, எங்க அம்மா அப்படி இல்ல" என்று ஆரம்பித்து, உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன், அவ்வளவுதான். காலைப் பூசை முடிந்ததும் போனோம். நான் அவளோடு உள்ளே நுழையப் போனேன். "நீங்க வெளிய இருங்க ஆன்ட்டி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரார் பேசுவதைக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான், கதவிலிருந்து பத்தடி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் வேர்வை. "மூணாவது ஓலைய இப்ப வாசிக்க வேணாம்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி. கல்யாணம் வேணாம்னு சொல்லல. அருள் வந்து எங்கிட்ட பேசட்டும். பேசினதுக்கு அப்புறம் வேணுமா வேணாமான்னு நானே வந்து ஃபாதர்கிட்ட சொல்றேன்."

"பயமா இருக்கா?" என்றேன்.

"ரொம்ப" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ட்யூட்டிக்கு நேரமாச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்க் குரோம்பேட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் பெயர் வாசிக்கப்படாது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். இந்தக் கடிதத்தை அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். எடுத்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் பாஸை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார்.

படித்தவுடன் ரெஜினாவுக்குப் போன் போடாதே. ட்யூட்டியில் அவள் போனை லாக்கரில் வைத்துவிடுவாள். சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரில் போய் நில். எப்போது வெளியே வருவாள் என்று தெரியாது, எத்தனை நேரமானாலும் நில். அவள் வந்ததும் உனக்கு என்ன வேண்டும் என்று உன் வாயால் சொல். ஆயா பெயரை மட்டும் எடுக்காதே.

அம்மா